பெயின்ட்பால் காற்றுச் சிலிண்டர்களின் பாதுகாப்புச் சோதனை: ஒரு வரலாறு

பெயின்ட்பால் என்பது சாயம் நிரப்பிய சிறு உருண்டைகளைக் காற்றழுத்தத் துப்பாக்கியால் எய்து எதிரணியினரை வெளியேற்றும் விளையாட்டு. அமெரிக்காவில் தோன்றிப் பல நாடுகளுக்கும் பரவியது. இதில் உருண்டையை உந்தித் தள்ளுவது துப்பாக்கியுடன் இணைந்த ஒரு சிறிய சிலிண்டரில் அடைபட்டிருக்கும் வாயுவாகும். தொடக்கத்தில் கார்பன் டைஆக்சைடு பயன்பட்டது; பின்னர் உயர் அழுத்தக் காற்று அந்த இடத்தைப் பிடித்தது. இன்றைய காற்றுச் சிலிண்டர்கள் சதுர அங்குலத்திற்கு 3000 அல்லது 4500 பவுண்டு அழுத்தம் வரை நிரப்பப்படுகின்றன. இவை முறையே ஏறத்தாழ 207, 310 பார் ஆகும். நாம் சுவாசிக்கும் காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 1 பார் மட்டுமே.

இத்தகைய சிலிண்டர்கள் பல ஆண்டுகள் உழைப்பவை. ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குக் கைமாறுபவை. கைமாறும்போது முந்தைய உரிமையாளர் அதை எத்தனை முறை கீழே போட்டார், எங்கே வைத்திருந்தார் என்ற விவரம் உடன் வருவதில்லை. வெளித்தோற்றத்தில் புதிதாகத் தெரியும் சிலிண்டரும் உள்ளே தளர்ந்திருக்கலாம். எனவே பழைய சிலிண்டரைக் குறிப்பிட்ட கால இடைவெளியில் சோதித்து, சோதித்த நாளை அதன் மேலேயே பதிக்கும் வழக்கம் உருவானது. விளையாட்டுக்காகப் பிறந்த வழக்கம் அன்று இது. விளையாட்டுக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முன்பிருந்தே தொழிற்சாலைகளிலும் இரயில்களிலும் நேர்ந்த வெடிப்புகளிலிருந்து கற்ற பாடம் இது.

சிலிண்டரும் சட்டமும்

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வாயுக்களை உயர் அழுத்தத்தில் அடைத்து விற்கும் தொழில் வளர்ந்தது. அதற்கு இரண்டு காரணங்கள் இருந்தன. ஒன்று, ஆக்சிஜன் போன்ற வாயுக்களைப் பெருமளவில் பிரித்தெடுக்கும் முறைகள் வந்தன. மற்றொன்று, ஒட்டு இல்லாத எஃகுக் குழாய் செய்யும் முறை கண்டறியப்பட்டது. ஜெர்மனியின் மானெஸ்மான் சகோதரர்கள் 1880களில் உருவாக்கிய உருட்டு முறை இதில் பெயர் பெற்றது. ஒட்டுள்ள குழாயில் ஒட்டே பலவீனமான இடம். ஒட்டில்லாத உருளை அதிக அழுத்தத்தைத் தாங்கியது.

அழுத்தம் உயர்ந்தபோது வெடிப்புகளும் நேர்ந்தன. பிரித்தானிய உள்துறை 1895இல் ஒரு குழுவை அமைத்து, அழுத்த வாயுச் சிலிண்டர் வெடிப்பின் காரணங்களையும் எடுக்க வேண்டிய முன்னெச்சரிக்கைகளையும் ஆராயச் செய்தது. அதன் அறிக்கை 1896இல் வெளிவந்தது.

அமெரிக்காவில் இக்கேள்வி இரயில் போக்குவரத்து வழியாக எழுந்தது. ஆபத்தான சரக்குகளை ஏற்றிச்செல்லும் விதிகளை வகுக்கும் அதிகாரம் 1908ஆம் ஆண்டின் சட்டத்தால் மாநிலங்களிடை வணிக ஆணையத்திற்குக் கிடைத்தது. சிலிண்டர் எந்த உலோகத்தால் ஆக வேண்டும், எவ்வளவு அழுத்தத்தைத் தாங்க வேண்டும், எப்போது மறுசோதனை செய்ய வேண்டும் என்பவை அந்த ஆணையத்தின் விதிகளில் படிப்படியாக இடம்பெற்றன. அழுத்த வாயுத் தொழிலில் உள்ளவர்கள் 1913இல் தங்களுக்கென ஒரு சங்கத்தை அமைத்தனர். சிலிண்டரைக் கண்ணால் பார்த்துச் சோதிப்பதற்கான அதன் கையேடுகளை அரசு விதிகளே இன்றும் சுட்டிக்காட்டுகின்றன.

1967 ஏப்ரல் 1 அன்று அமெரிக்கப் போக்குவரத்துத் துறை செயல்படத் தொடங்கியது. சிலிண்டர் விதிகள் அத்துறையின் பொறுப்பாயின. பழைய சிலிண்டர்களில் 'ஐசிசி' என்றும், அதன்பின் வந்தவற்றில் 'டிஓடி' என்றும் முத்திரை காணப்படுவது இதனால்தான். அழுத்தம் நிரப்பிய சிலிண்டர் சாலையில் செல்லும் சரக்கு என்ற கண்ணோட்டத்திலேயே சட்டம் பிறந்தது. ஆகவே பெயின்ட்பால் சிலிண்டருக்கும் மருத்துவமனை ஆக்சிஜன் சிலிண்டருக்கும் அடிப்படை விதி ஒன்றே.

நீரழுத்தச் சோதனை

மறுசோதனையின் மையம் நீரழுத்தச் சோதனை. உயர் அழுத்தத்தைச் சோதிக்கக் காற்றுக்குப் பதில் தண்ணீரைப் பயன்படுத்துவதற்குத் தெளிவான காரணம் உண்டு. 300 பார் அழுத்தத்தில் காற்று தன் பருமனில் ஏறத்தாழ முந்நூறில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். தண்ணீரோ நூற்றுக்கு ஒன்று அல்லது ஒன்றரை பங்கே சுருங்கும். சுருங்கிய பொருள் விரியும்போதுதான் ஆற்றல் வெளிப்படுகிறது. எனவே சோதனையின்போது சிலிண்டர் பிளந்தால், தண்ணீரில் அடங்கியுள்ள ஆற்றல் காற்றில் அடங்கியுள்ளதை விட நூற்றுக்கணக்கான மடங்கு குறைவு. காற்று நிரப்பியிருந்தால் குண்டு வெடித்ததைப் போன்ற சேதம் நேரும்.

சோதனை முறை எளிமையானது. சிலிண்டரின் வால்வைக் கழற்றி, உள்ளே தண்ணீர் நிரப்புவர். பின்னர் அதை, தண்ணீர் நிறைந்த மற்றொரு மூடிய கலத்துக்குள் தொங்கவிடுவர். சிலிண்டருக்குள் அழுத்தத்தை ஏற்றும்போது அது சற்றே பருக்கும். பருத்த அளவுக்கு வெளிக்கலத்திலிருந்து தண்ணீர் வெளியேறும். வெளியேறிய தண்ணீரை அளந்தால் மொத்த விரிவு தெரியும். அழுத்தத்தை இறக்கியபின் சிலிண்டர் பழைய அளவுக்குத் திரும்ப வேண்டும். திரும்பாமல் எஞ்சி நிற்பது நிலையான விரிவு.

பள்ளி இயற்பியலில் படிக்கும் மீட்சி எல்லையே இங்கும் அளவுகோல். நல்ல உலோகம் ரப்பரைப் போல விரிந்து மீளும். சுவர் மெலிந்தோ உலோகம் தளர்ந்தோ இருந்தால் மீட்சி எல்லையைக் கடந்து, விரிந்தது விரிந்தபடியே நிற்கும். அமெரிக்க விதிப்படி எஃகு, அலுமினியச் சிலிண்டர்களைப் பயன்பாட்டு அழுத்தத்தின் மூன்றில் ஐந்து (5/3) மடங்கில், அதாவது ஒன்றே முக்கால் மடங்குக்குச் சற்றுக் குறைவான அழுத்தத்தில் சோதிக்க வேண்டும். 3000க்கு 5000, 4500க்கு 7500 என்பது கணக்கு. அந்த அழுத்தத்தில் குறைந்தது 30 விநாடி நிறுத்த வேண்டும். நிலையான விரிவு மொத்த விரிவில் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. ஓர் உலோகச் சிலிண்டரின் மொத்த விரிவு 30 மில்லிலிட்டர் எனக் கொள்வோம். நிலையான விரிவு 2.4 மில்லிலிட்டர் என்றால் 8 விழுக்காடு; தேர்ச்சி. 3.6 மில்லிலிட்டர் என்றால் 12 விழுக்காடு. அந்தச் சிலிண்டரின் பயணம் அங்கே முடிந்தது.

விளையாட்டு வந்த வழி

பெயின்ட்பால் துப்பாக்கி விளையாட்டுப் பொருளாகப் பிறக்கவில்லை. வெட்ட வேண்டிய மரங்களுக்கும் பிரிக்க வேண்டிய கால்நடைகளுக்கும் தொலைவிலிருந்து சாயக் குறியிடவே அது உருவானது. 1981 ஜூன் 27 அன்று நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் ஹென்னிக்கரில் 12 பேர் அதை ஏந்திக் காட்டுக்குள் இறங்கினர். ஒவ்வொருவரும் தனித்தனியே கொடிகளைக் கைப்பற்ற வேண்டும் என்பது ஆட்டம். சார்லஸ் கெய்ன்ஸ், ஹேய்ஸ் நோயல், பாப் கர்ன்சி ஆகியோர் அதை வகுத்தவர்கள். ஒரு முறைகூடச் சுடாதவரே அன்று வென்றார்.

அன்றைய துப்பாக்கிகளில் 12 கிராம் கார்பன் டைஆக்சைடு அடைத்த சிறு குப்பிகள் பயன்பட்டன. ஒருமுறை துளைத்துப் பயன்படுத்தியபின் எறிந்துவிடும் குப்பிக்கு மறுசோதனை தேவையில்லை. அதிகமாகச் சுடும் துப்பாக்கிகள் வந்தபோது மீண்டும் மீண்டும் நிரப்பும் சிலிண்டர்கள் தேவைப்பட்டன. அப்போதுதான் இவ்விளையாட்டு மறுசோதனை விதிகளின் எல்லைக்குள் வந்தது.

கார்பன் டைஆக்சைடு சிலிண்டருக்குள் திரவமாக இருக்கும். அறை வெப்பநிலையில் அதன் ஆவியழுத்தம் சதுர அங்குலத்திற்கு ஏறத்தாழ 850 பவுண்டு. வெப்பநிலை மாறினால் அழுத்தமும் மாறும். குளிரில் உருண்டை மெதுவாகவும் வெயிலில் வேகமாகவும் செல்லும். அளவுக்கு மேல் நிரப்பிய சிலிண்டரை வெயிலில் வைத்தால் திரவம் விரிய இடமின்றி அழுத்தம் திடீரென ஏறும். ஆகவே இதை அழுத்தமானியைப் பார்த்து நிரப்ப முடியாது. தராசில் எடை பார்த்தே நிரப்ப வேண்டும். இச்சிக்கல்களால் 1990களில் ஆட்டக்காரர்கள் நைட்ரஜனுக்கும் உயர் அழுத்தக் காற்றுக்கும் மாறினர். உருண்டையின் வேகம் சீரானது. ஆனால் கையில் பிடித்திருக்கும் கலத்தின் அழுத்தம் முன்பைவிட மூன்று முதல் ஐந்து மடங்காக உயர்ந்தது.

சோதனைக்குத் தப்பிய மரை

2000களின் முற்பகுதியில் அமெரிக்காவில் நேர்ந்த இரு உயிரிழப்புகள் புதியதொரு கோளாறை வெளிக்காட்டின. கார்பன் டைஆக்சைடு சிலிண்டரைத் துப்பாக்கியிலிருந்து கழற்றும்போது, துப்பாக்கிக்கும் வால்வுக்கும் இடையிலான மரை கழல வேண்டும். மாறாக, வால்வுக்கும் சிலிண்டருக்கும் இடையிலான மரை கழன்றது. வால்வு முழுவதும் விடுபட்ட நொடியில் சிலிண்டர் ஏவுகணைபோலப் பாய்ந்தது.

இங்கே சிலிண்டரின் சுவர் உடையவில்லை. நீரழுத்தச் சோதனையில் அது தேர்ச்சி பெற்றிருக்கும். அச்சோதனை வால்வைக் கழற்றிவிட்டுத்தான் நடைபெறுகிறது. அதைத் திரும்பப் பொருத்தியவரின் கைத்திறனை அது அளப்பதில்லை. அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் எச்சரிக்கை வெளியிட்டது. வால்வை யார், எப்படிப் பொருத்த வேண்டும் என்பதில் தொழில்துறை கவனம் செலுத்தியது. வால்வுக்கும் சிலிண்டருக்கும் குறுக்கே நகப்பூச்சால் ஒரு கோடு இடும் எளிய வழக்கமும் ஆட்டக்காரரிடையே பரவியது. கோடு இரண்டாக விலகியிருந்தால் வால்வு நகர்ந்துவிட்டது எனப் பொருள். அப்போது சிலிண்டரைச் சுழற்றுவதை நிறுத்தி, பயிற்சி பெற்றவரிடம் ஒப்படைக்க வேண்டும்.

அலுமினியக் கழுத்தின் விரிசல்

நீரழுத்தச் சோதனையின் எல்லையைக் காட்டிய மற்றொரு நிகழ்வு அலுமினியச் சிலிண்டர்களின் வரலாற்றில் உள்ளது. எடை குறைவு, துரு பிடிக்காமை ஆகிய காரணங்களால் அலுமினியச் சிலிண்டர்கள் 1970களில் பெருகின. 1982இல் '3ஏஎல்' என்ற தனி விவரக்குறிப்பு அமெரிக்க விதிகளில் சேர்ந்தது. அக்காலத்தில் பல சிலிண்டர்கள் 6351 என்ற எண்ணுள்ள உலோகக்கலவையால் ஆனவை. நீண்ட காலம் அழுத்தத்திலேயே இருந்தபோது இவற்றில் சிலவற்றின் கழுத்துப் பகுதியில் விரிசல் தோன்றி மெல்ல வளர்ந்தது. வால்வு திருகும் மரைகளின் ஊடே ஓடும் அந்த விரிசல் வெளியிலிருந்து தெரியாது. கழுத்துப் பகுதி தடிப்பானது என்பதால் விரிவு அளவிலும் அது வெளிப்படுவதில்லை. இத்தகைய சில சிலிண்டர்கள் நிரப்பும்போதே வெடித்தன.

1980களின் இறுதியில் தயாரிப்பாளர்கள் 6061 என்ற உலோகக்கலவைக்கு மாறத் தொடங்கினர். ஏற்கெனவே சந்தையில் இருந்த சிலிண்டர்களுக்குச் சுழல் மின்னோட்டச் சோதனை வந்தது. ஒரு கம்பிச்சுருளைக் கழுத்து மரைக்குள் செலுத்தி உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தைத் தூண்டுவர். விரிசல் இருந்தால் அந்த மின்னோட்டத்தின் பாதை குலையும். கருவி அதைக் காட்டிவிடும். நீர்மூழ்கிச் சுவாசக் கருவி, தீயணைப்போரின் சுவாசக் கருவி, ஆக்சிஜன் ஆகிய பயன்பாடுகளில் உள்ள 6351 சிலிண்டர்களுக்கு இச்சோதனையை அமெரிக்கா 2006இல் விதித்தது. 2007 தொடக்கத்தில் அது நடைமுறைக்கு வந்தது.

இப்பட்டியலில் பெயின்ட்பால் பெயர் இல்லை. ஆயினும் தொடர்பு உண்டு. பெயின்ட்பால் சிலிண்டர்களைப் பலர் பெரிய நீர்மூழ்கிச் சிலிண்டரிலிருந்தே நிரப்பிக்கொள்கின்றனர். அது பழைய உலோகக்கலவையால் ஆனதா என்று அறிந்துகொள்வது, நிரப்பும் இடத்தில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் பயன் தரும்.

இழை சுற்றிய சிலிண்டர்கள்

4500 பவுண்டு அழுத்தத்தை எஃகில் அடைத்தால் கையில் தூக்கி ஓட முடியாது. தீர்வு விண்வெளித் துறையிலிருந்து வந்தது. ராக்கெட் உறைகளுக்கென வளர்ந்த இழைச் சுற்று நுட்பத்தைக் கொண்டு, தீயணைப்போருக்கு எடை குறைந்த சுவாசக் கருவி செய்யும் திட்டத்தை நாசா 1971இல் தொடங்கியது. மெல்லிய அலுமினிய உள்ளுறையின்மேல் பிசினில் நனைத்த இழையைச் சுற்றும் முறை அது. முதலில் கண்ணாடி இழையும், பின்னர் கார்பன் இழையும் பயன்பட்டன. பெயின்ட்பாலில் இன்று பரவலாக உள்ள 4500 பவுண்டு சிலிண்டர்கள் இந்த மரபைச் சேர்ந்தவை.

பொது விதிகளில் இவற்றுக்கு இடமில்லாததால், போக்குவரத்துத் துறை வடிவமைப்புதோறும் தனி அனுமதி வழங்கியது. பழையவற்றில் விலக்கு என்பதைக் குறிக்கும் 'இ' எழுத்தும், 2005ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின் வந்தவற்றில் சிறப்பு அனுமதியைக் குறிக்கும் 'எஸ்பி' எழுத்துகளும் இருக்கும். இந்த அனுமதிகள் உலோகத்தைவிடக் கடுமையானவை. கார்பன் இழைச் சிலிண்டர்களில் நிலையான விரிவு பொதுவாக 5 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். மீள் விரிவுக்கும் ஒரு மேல்வரம்பு சிலிண்டர் மீதே குறிக்கப்பட்டிருக்கும். அதைத் தாண்டினால், இழைகள் பாரத்தை முன்போல் தாங்கவில்லை என்று பொருள்.

மிக முக்கியமான வேறுபாடு ஆயுள். உலோகச் சிலிண்டர் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்ச்சி பெறும்வரை உழைக்கலாம். கார்பன் இழைச் சிலிண்டரின் ஆயுள் பொதுவாக 15 ஆண்டுகள். அதன்பின் அது புதிதுபோல் மின்னினாலும் நிரப்பக் கூடாது. இடைவிடாத பாரத்தில் இழைகள் காலப்போக்கில் அறுபடும் இயல்பைக் கருதி வைத்த எல்லை இது. அண்மைக் காலத்தில், அழுத்தத்தின்போது இழைகள் எழுப்பும் நுண்ணொலியைக் கேட்டறியும் சோதனை மூலம் சில வகைகளின் ஆயுளை நீட்டிக்கத் தனி அனுமதிகள் வழங்கப்பட்டுள்ளன. அச்சோதனையும் அதற்கான முத்திரையும் இல்லாத சிலிண்டருக்கு இச்சலுகை பொருந்தாது.

முத்திரையை வாசித்தல்

பழைய சிலிண்டரை வாங்குபவருக்குக் கிடைக்கும் ஒரே நம்பகமான சாட்சி அதன் முத்திரை. தோள்பகுதியிலோ பிசினுக்கு அடியில் உள்ள தாளிலோ விவரக்குறிப்பு, பயன்பாட்டு அழுத்தம், வரிசை எண், தயாரித்த மாதமும் ஆண்டும் இருக்கும். '3ஏஎல் 3000' என்றால் 3000 பவுண்டு அழுத்தத்துக்கான அலுமினியச் சிலிண்டர். மறுசோதனை முடிந்ததும் இடப்பக்கம் மாதமும் வலப்பக்கம் ஆண்டும், இரண்டுக்கும் நடுவில் சோதனை நிலையத்தின் நான்கு எழுத்து-எண் அடையாளமும் சதுரமாகப் பதிக்கப்படும். இழைச் சிலிண்டரில் உளியால் பதித்தால் இழை அறுபடும்; ஆகவே சிட்டை ஒட்டிப் பிசின் பூசுவர். நடுவில் அடையாளம் இல்லாமல் தேதி மட்டும் இருந்தால் ஐயம் கொள்வது நல்லது.

வெளி விட்டம் 2 அங்குலத்துக்கும் நீளம் 2 அடிக்கும் குறைந்த சிறு உலோகச் சிலிண்டர்களுக்கு நீரழுத்தச் சோதனையிலிருந்து விலக்கு உண்டு. விலக்கு என்பது அழியா வரம் அன்று. கண்ணால் பார்த்துச் சோதிக்க வேண்டிய பொறுப்பு நீங்குவதில்லை.

கண்பார்வைச் சோதனையில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. உலோகத்தில் வெட்டு, பள்ளம், அரிப்பு, மரைச் சேதம். இழையில் அறுந்த நார்கள், ஆழ்ந்த கீறல், அடிபட்டு வெளுத்த இடம் ஆகியவை ஆபத்தின் அறிகுறிகள். இழைச் சேதம் மூன்று நிலைகளாகப் பிரிக்கப்படுகிறது. மேலோட்டமான உராய்வு ஏற்கப்படும். இரண்டாம் நிலை பிசின் பூசிச் சரிசெய்யப்படும். மூன்றாம் நிலை கழித்துவிட வேண்டியது. அழகுக்காகச் செய்யும் மாற்றங்களும் தீங்கானவை. அடுப்பில் சுடும் சாயப்பூச்சு, வெப்பப் பதத்தால் உறுதிபெற்ற அலுமினியத்தை மென்மையாக்கும். சாயம் நீக்கும் வேதிப்பொருள் பிசினைக் கரைக்கும். புதுச் சாயம் பழைய முத்திரையையும் பழைய காயத்தையும் ஒருங்கே மறைக்கும்.

உடைவுத் தகடும் பார்க்க வேண்டியது. அழுத்தம் மிஞ்சினால் தானே உடைந்து வாயுவை வெளியேற்றும் மெல்லிய தகடு அது. 3000 பவுண்டு சிலிண்டருக்கு 5000, 4500க்கு 7500 என்ற மதிப்பில் பொருத்துவது வழக்கம். அடிக்கடி உடைகிறதென்று தடித்த தகட்டைப் போடுவது, மின் உருகிக்குப் பதில் ஆணியைச் செருகுவதற்குச் சமம். நிரப்பும் முனையில் எண்ணெய் இடுவதும் கூடாது. உயர் அழுத்தக் காற்று பாயும்போது எழும் வெப்பத்தில் எண்ணெய் தீப்பற்றக்கூடும்.

கழிக்கப்பட்ட சிலிண்டர்

தேர்ச்சி பெறாத சிலிண்டரின் விவரக்குறிப்பின் மேல் சோதனை நிலையம் பெருக்கல் குறிகளைப் பதிக்கும், அல்லது கழிக்கப்பட்டது எனப் பொறிக்கும். ஆனால் அது உரிமையாளரின் உடைமை. அவர் ஒப்புதல் இல்லாமல் அதைத் துளையிட்டு அழிக்க நிலையத்துக்கு உரிமை இல்லை. எனவே கழித்த சிலிண்டர் ஒன்று உரிமையாளரின் வீட்டுக்கே திரும்பவும், பெருக்கல் குறிகளின் பொருள் அறியாத ஒருவரிடம் பின்னர் போய்ச்சேரவும் வாய்ப்பு உண்டு. சட்டத்தின் கை நிற்கும் இடம் இது. அதற்கு அப்பால் வாங்குபவரின் கண்ணே காவல்.

பிற நாடுகளில்

ஐரோப்பிய ஒன்றியம் 1999இல் இயற்றி 2010இல் புதுப்பித்த ஆணையின்படி, எடுத்துச்செல்லும் அழுத்தக் கலன்களில் 'பை' என்ற கிரேக்க எழுத்து முத்திரையாக இருக்க வேண்டும். கனடா தனக்கென 'டிசி' முத்திரையைக் கொண்டுள்ளது. ஒரு நாட்டின் முத்திரை மற்றொரு நாட்டில் தானாகவே செல்லாது என்பதால், இணையவழி வெளிநாட்டிலிருந்து வாங்கிய பழைய சிலிண்டரை உள்ளூரில் நிரப்ப மறுப்பதுண்டு. இந்தியாவில் அழுத்த வாயுச் சிலிண்டர்கள் 2016ஆம் ஆண்டு எரிவாயு உருளைகள் விதிகளின்கீழ் வருகின்றன. நம் சமையல் எரிவாயுச் சிலிண்டரில் 'ஏ' முதல் 'டி' வரையான காலாண்டு எழுத்தும் ஆண்டும் அடுத்த சோதனை நாளைக் குறிக்கின்றன. அமெரிக்க முத்திரையோ கடைசியாகச் சோதித்த நாளைக் குறிக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொண்டால் ஐந்தாண்டு தவறிவிடும்.

வரலாறு காட்டுவது

எஃகு பிளந்தபோது நீரழுத்தச் சோதனை வந்தது. அதற்குத் தப்பிய கழுத்து விரிசலுக்குச் சுழல் மின்னோட்டம் வந்தது. இரண்டுக்கும் தப்பிய வால்வு மரைக்குப் பயிற்சியும் நகப்பூச்சுக் கோடும் வந்தன. இழையின் சோர்வுக்கு ஆயுள் எல்லை வந்தது. ஒவ்வொரு சோதனையும் முந்தையது காணாத ஒன்றைக் காண்பதற்காகச் சேர்ந்தது. எதுவும் மற்றொன்றின் இடத்தை நிரப்புவதில்லை. ஆகவே 'போன வருடம்தான் சோதித்தார்கள்' என்ற சொல்லுடன் ஒரு பழைய சிலிண்டர் கைக்கு வரும்போது, எந்தச் சோதனை, எந்த நிலையத்தில், எந்த மாதத்தில் என்று முத்திரையைப் பார்த்துக் கேட்க வேண்டும். விடை முத்திரையில் இல்லையென்றால், நிரப்புவதற்கு முன் சோதனை நிலையத்துக்கு எடுத்துச் செல்வதே முறை.